எதிர்வீட்டு அக்காவின் வெள்ளிக் கை

நேற்றிலிருந்து நம் பள்ளித் தோழர்கள் குழுவில் வந்து குவிகிற காய்ச்சல் வைத்தியங்களை ஒன்று விடாமல் படித்துவிட்டேன். மிளகைத் தட்டி வெந்நீரில் போட்டுக் குடிக்கச் சொல்கிறாள் ஒருத்தி. ராத்திரி உள்ளங்காலில் வெங்காயத்தை வைத்துக் கட்டச் சொல்கிறார் ஒருவர். எட்டாம் வகுப்பில் ஒழுகுகிற மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தபடி எனக்கு முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர். வயதானவர்கள் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது என்று டாக்டர் மருமகள் சொன்னதாக இன்னொருவர் எழுதியிருந்தார். அதற்கு மட்டும் யாரும் கைதட்டவில்லை. கடைசியாக, கையை எப்படிச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று படம் வரைந்த ஒரு செய்தி வந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

நாம் எட்டாவது படித்த வருஷத்து மார்கழி உங்களுக்கு மறந்திருக்காது. ஊரில் விஷக் காய்ச்சல் என்றார்கள். நம் சயின்ஸ் சார் அதை இன்ஃப்ளுயன்சா என்று போர்டில் எழுதிப் போட்டார். எழுதிய கையோடு தும்ம ஆரம்பித்தவர் மறுநாளே லீவு. அவர் எழுதிய எழுத்தை அழிக்கக்கூட நமக்குப் பயம். அழித்த டஸ்டர் வழியாக ஒட்டிக்கொள்ளும் என்று வகுப்பு லீடர் சொல்லிவிட்டான். கணக்கு சார் வந்து திட்டிக்கொண்டே அவரே அழித்தார். அவருக்கும் வந்தது. லீடருடைய மதிப்பு அன்றைக்கு எங்கேயோ ஏறிப் போய்விட்டது.

காய்ச்சல் வராமல் தடுக்க நம்மிடம் இருந்த சட்டதிட்டங்களை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. காய்ச்சல்காரர் வீட்டைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொண்டு ஓட வேண்டும். மேலத் தெருவில் வரிசையாக எல்லா வீட்டிலும் படுத்துவிட்டதால் அந்தத் தெரு முழுக்கக் கன்னத்தை உப்பிக்கொண்டு ஓடிப் போய், முக்கில் இருந்த அடிபம்பைப் பிடித்துக்கொண்டு இரைப்போம். கொட்டாவி விட்டால் வாய்க்குக் குறுக்கே கையை வைக்க வேண்டும். வியாழக்கிழமை தலைக்குக் குளிக்கக் கூடாது. யார் இதையெல்லாம் சொன்னார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் சொல்லாதது, நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது.

இடுப்பில் ஒரு கந்தகத் துண்டு. அது இல்லாமல் யாரும் பள்ளிக்கூடம் வரவில்லை. பட்டாசு ஆலைக்குப் போகிற வீடுகளில் அது எங்காவது ஒரு டப்பாவில் கிடக்கும். ஆண்பிள்ளைகள் டவுசர் பையில் போட்டுக்கொண்டார்கள், நாங்கள் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டோம். காலைப் பிரார்த்தனையில் கண்ணை மூடி நிற்கும்போது மைதானமே கந்தக வாடை அடிக்கும். என்னுடையது புளியங்கொட்டை அளவு இருக்கும், ஒரு பக்கம் மழுங்கியிருக்கும். எங்கே போனதோ தெரியவில்லை.

இன்னொன்று, மஞ்சள் முருகன். அச்சகத்தில் காலண்டர் படத்துக்கு முதலில் மஞ்சள் மையை ஓட்டுவார்கள். சரியாக விழாத தாள்களை வேலைக்குப் போன அக்கா அண்ணன்மார் வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். அதில் முருகன் முழுக்க மஞ்சளாக, கண்ணு மூக்கு சரியாகத் தெரியாமல் நிற்பார். கந்தகமும் மஞ்சள், முருகனும் மஞ்சள் என்று அந்தத் தாளைத்தான் வாசல் கதவில் ஒட்டினோம். முழு நிறமும் விழுந்த நல்ல படத்துக்குச் சக்தி இல்லை என்று ஒதுக்கினோம்.

இதில் லீடர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான். அவன் சொன்னதில் கண்ணால் பார்த்த உண்மை இருந்தது, அதுதான் வினையாகப் போயிற்று. காய்ச்சல் விழுந்த வீடெல்லாம் அச்சக வேலைக்குப் போகிற வீடு, பட்டாசு ஆலைக்குப் போகிற வீட்டில் அநேகமாக யாருக்கும் இல்லை.

"ஏலே, நல்லா யோசிச்சுப் பாருங்க. பட்டாசுக்காரக கையில மருந்துப் பவுடர் இருக்கு. அதுக்கு முன்னால காய்ச்சல் நிக்குமா?" என்றான்.

யோசித்துப் பார்த்தோம். சரியாகத்தான் இருந்தது.

நம் ஊர்ப் பட்டாசுக்காரர்களிலேயே கையைப் பார்த்ததும் தெரிகிறவள் எங்கள் எதிர்வீட்டு அக்கா. பதினாறு வயது இருக்கும். ஊருக்கு வெளியே கரட்டு மேட்டில் இருந்த சின்னக் கம்பெனிக்கு நடந்தே போய் வருவாள். கம்பி மத்தாப்பு முக்குகிற வேலை. அலுமினியப் பவுடர் கலந்த கூழில் கம்பிக்கட்டை முக்கி எடுத்துக் காயவைக்க வேண்டும். சாயங்காலம் திரும்பி வரும்போது இரண்டு கையும் மணிக்கட்டு வரை வெள்ளியாக இருக்கும். வெயில் பட்டால் மின்னும். ரேகை ஒவ்வொன்றும் கோடு போட்ட மாதிரித் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் செய்கிற முதல் வேலை கை கழுவுவது. கொல்லையில் குத்தவைத்து, தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்து, அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்து, நகக்கண்ணில் வேப்பங்குச்சியை விட்டு நோண்டிக் கழுவுவாள். அவள் வீட்டில் அப்போது ஒரு கைக்குழந்தை இருந்தது. அவளுடன் பிறந்த மூத்தவள் தலைப்பிரசவத்துக்கு வந்து பெற்ற பையன். கையைக் கழுவி, பாவாடையில் துடைத்து, மோந்து பார்த்து, வாடை போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் அவனைத் தூக்குவாள். தூக்கிவிட்டால் பிறகு யாருக்கும் கொடுக்க மாட்டாள். "எஞ் சாமி, எந் தங்கம், சித்திய விட்டு எங்கயும் போகக் கூடாது, ஆமா" என்று அவள் பேசுவது எங்கள் வீட்டுக்குள் வரை கேட்கும்.

அடுத்து எனக்குக் காய்ச்சல் வந்தது. கந்தகம், முருகன் எல்லாம் இருந்தும் வந்தது. உடம்பு முழுக்க அடித்துப் போட்ட வலி. கண்ணைத் திறந்தால் ஓட்டு இடுக்கில் வருகிற வெளிச்சம் குத்தும். என் அம்மா சுக்குக் கஷாயம், அரிசிக் கஞ்சி என்று என்னென்னவோ செய்து பார்த்தாள். நம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் மூச்சை அடக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, லீடரின் கண்டுபிடிப்பை அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினார்கள். அந்த இரண்டு பேரும் இந்தக் குழுவில்தான் இருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

என் அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நிலபுலன் உள்ள வீட்டுக்காரி, எங்கள் தெருவில் அவள் வைத்ததுதான் வழக்கம். பிள்ளைகள் பேச்சு என்று அவள் தள்ளியிருக்கலாம். என்னைப் பார்த்துப் பயந்துபோயிருந்தாள் போல. சாயங்காலம் வாசலில் நின்று, கரட்டிலிருந்து வந்துகொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டாள்.

"ஏத்தா, இங்கன வந்துட்டுப் போ. பிள்ளைக்கு நெத்தியில ஒரு கையி வச்சு விடு."

"கழுவிட்டு வாரேன் பெரியம்மா. கையெல்லாம் பவுடரு."

"கழுவிராத, ஆத்தா. அப்படியே வா. அதுக்குத்தான கூப்பிடுறேன்."

அக்கா வந்தாள். கூச்சத்தோடு என் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். கை ஜில்லென்று இருந்தது, சொரசொரப்பாகவும் இருந்தது. பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தால் வருகிற வாடை. எனக்குச் சுகமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். கையை எடுக்காமல் இருக்க வேண்டும் என்று அவள் விரலைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. அது எப்படியும் விடுகிற நாள்தான். நெற்றியில் வெள்ளியாக ஒரு கையின் அச்சு இருந்தது, அம்மா அதைத் துடைக்க விடவில்லை. பள்ளிக்கூடத்தில் நீங்கள் எல்லாம் வரிசையாக வந்து பார்த்தீர்கள்.

அப்புறம் அக்காவுக்கு ஓய்வே இல்லை. அவள் கரட்டிலிருந்து இறங்குகிற நேரத்துக்குத் தெருமுனையில் ஆள் காத்திருக்கும். காய்ச்சல்காரர் நெற்றியில் வைக்க ஒரு வீடு, வராதவர்களுக்கு வராமல் இருக்க வைக்க இன்னொரு வீடு. எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பேச்சைத்தான் பேசினார்கள், கழுவிராத, அப்படியே வா. நம் வகுப்புப் பிள்ளைகள் அதற்கு மேல் போய், மத்தாப்புக் கம்பியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, அந்தக் கையோடே சோறு தின்றோம். கையைக் கழுவினால் காவல் போய்விடும் என்று ஊரே கை கழுவுவதை விட்டுவிட்டது. அவள் ஒரு நெற்றியிலிருந்து எடுத்த கையை அப்படியே அடுத்த நெற்றியில் வைத்துக்கொண்டு போனாள். அந்தக் கூச்சம் போய் அவள் முகத்தில் ஒரு பெருமைகூட வந்திருந்தது. ஏன் வராது? அதுவரை அவளை யாரும் நடுவீட்டுக்குள் கூப்பிட்டதில்லை.

பொங்கலுக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அம்மா குழந்தை பார்க்க எதிர்வீட்டுக்குப் போனாள். என்னையும் கூட்டிப் போனாள். எள்ளுருண்டை டப்பாவை நான் பிடித்திருந்தேன். குழந்தை கால் கை உதைத்துக்கொண்டு நன்றாக இருந்தது. குழந்தையைப் பெற்றவள், "ஊருக்கெல்லாம் கை வைக்கிறா, எம் பிள்ளைக்கு மட்டும் வைக்க மாட்டேங்கா பெரியம்மா" என்று அம்மாவிடம் குறை சொன்னாள்.

அந்த நேரம் அக்கா உள்ளே வந்தாள். ஊரைச் சுற்றிவிட்டு வருகிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. நேராகக் கொல்லைக்குப் போகப் பார்த்தாள்.

"ஏத்தா, எங்க போற? முதல்ல பிள்ளைக்கு வச்சு விடு" என்றாள் அம்மா.

"இவனுக்கு மட்டும் கழுவிட்டு வாரேன் பெரியம்மா."

"கழுவிட்டா என்னத்தா இருக்கு? அப்படியே வையி."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். அவளுக்கு மனசில்லை, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் என் அம்மா சொல்லி அந்தத் தெருவில் யாரும் மறுத்ததில்லை. அவள் குனிந்து இரண்டு விரலை மட்டும் நெற்றியில் வைத்தாள். "நல்லாத்தான் வையேன்" என்று மூத்தவள் அவள் கையைப் பிடித்து அழுத்தி, குழந்தையின் கன்னத்திலும் உதட்டிலும் தடவி விட்டாள். குழந்தை அந்த விரலைச் சப்பியது. எல்லோரும் சிரித்தோம்.

பொங்கல் அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். பால் குடிக்கவில்லை. மூச்சு இழுத்தது. பஸ் பிடித்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மாட்டுப்பொங்கலுக்குத் துணியில் சுற்றித் திரும்பக் கொண்டு வந்தார்கள். அக்கா வாசலில் நின்று, "கழுவிட்டு வாரேன்னு சொன்னேனே, கழுவிட்டு வாரேன்னு சொன்னேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது. மூத்தவளின் மாமியார் வீட்டிலிருந்து வந்தவர்கள், பவுடர்க் கையால் பிள்ளையைத் தொட்டாளாமே, விஷத்தைக் கொடுத்துக் கொன்றுவிட்டாளே என்று சத்தம் போட்டார்கள். அவளுக்காகக் காத்திருந்து கூட்டிப் போன வீடுகளில் ஒன்றாவது, நாங்கள்தான் கழுவாதே என்றோம் என்று சொல்லவில்லை. எல்லோரும் என் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கே அடங்கியிருக்கும். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பெருமூச்சு விட்டு, "அவளுக்கும் அறிவு வேணும்ல, பச்சப் பிள்ளையத் தொடும்போது" என்றாள்.

அம்மா எதையாவது மறந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "நீதானம்மா வைக்கச் சொன்ன" என்றேன். என்னை வீட்டுக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் அடிக்கவில்லை, அழுதாள். அந்த அழுகையை அங்கே போய் அழுதிருக்கலாம்.

அதற்குப் பிறகு தெருமுனையில் யாரும் நிற்கவில்லை. அக்கா வருகிறாள் என்றால் வாசலில் விளையாடுகிற பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். நாம் காய்ச்சல்காரர் வீட்டைத் தாண்டும்போது அடக்கின மூச்சை, அவளைத் தாண்டும்போது அடக்கினோம். அவளை அச்சங்குளத்தில் ஒரு வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்துக்கு அம்மா ஒரு பட்டுச் சேலை எடுத்துக் கொடுத்தாள்.

பல வருஷம் கழித்து, அம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவளிடம் இதைக் கேட்டேன். அதற்கு அவள் சொன்னாள், "அந்த நேரத்துல யாரு மேலயாவது போட்டாத்தான் எந்திரிச்சு நடக்க முடியும்போல இருந்துச்சு. அவ சின்னப் பிள்ள, மறந்துருவான்னு நினைச்சேன்." என் அம்மா கெட்டவள் இல்லை. எனக்கு அவள் மேல் உயிர். இதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை.

கொரோனா வந்து எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தபோது, கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், தள்ளித் தள்ளி உட்காருங்கள் என்று டிவியில் சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் ஒரு நாள் அக்காவுக்குச் சோத்துவாளி கொண்டு அந்தக் கம்பெனிக்குப் போயிருக்கிறேன். கரடு முழுக்கச் சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று எட்டி எட்டி. தீப்பிடித்தால் தப்பி ஓட எல்லாப் பக்கமும் கதவு, கதவெல்லாம் எப்போதும் திறந்தே கிடக்கும். ஓர் அறையில் நாலு பேர்தான் இருந்தார்கள், காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகும். அச்சகக்காரர்களோ பனிக்காற்று பட்டால் காய்ச்சல் வரும் என்று வேலைக்கு ஏற்றிப் போகிற வேனைச் சுற்றித் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் உட்கார்ந்து போனார்கள். அங்கே போயும் தாள் பறக்கும் என்று ஜன்னலை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். பட்டாசுக்காரர்களைக் காப்பாற்றியது திறந்த கதவு. நாம் கையைப் பார்த்தோம், கதவைப் பார்க்கவில்லை. நம் வீடுகளில் இருந்த காய்ச்சலை நாமே அந்தக் கையில் ஏற்றி, கழுவவும் விடாமல் அவள் வீட்டுக்கு அனுப்பி வைத்தோம்.

போன தை மாதம் ஊர்ப்பக்கம் போனபோது அச்சங்குளத்தில் அவள் வீட்டை விசாரித்துப் போனேன். என் மகளும் மருமகனும் என்னோடு வந்திருந்தார்கள். என் பேத்திக்கு அப்போதுதான் எட்டு வைக்க வந்திருந்தது. அக்காவுக்குத் தலை முழுக்க நரை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள்.

"அம்மா நல்லா இருக்காகளா?" என்று கேட்டாள்.

"போய்ட்டாக, அக்கா."

"நல்ல மனுசி. கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை எடுத்துக் குடுத்தாக" என்றாள்.

கையிரண்டையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டே பேசினாள். பேத்தி அவளிடம் தாவப் பார்த்தபோது நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவளுடைய மருமகள் காபி கொண்டு வந்து வைத்துவிட்டு என் காதோடு சொன்னாள், "அத்தை எந்தப் பிள்ளையையும் தொட மாட்டாக. அவுக பெத்த பிள்ளைகளையே பாலுக்கு மட்டும்தான் தூக்குவாகளாம். எம் புள்ளைகளத் தள்ளி நின்னுதான் கொஞ்சுவாக." கொல்லைக் குழாயடியில் ஒரு சோப்பு, தேய்ந்து இலை மாதிரி ஆகியிருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கதவைப் பற்றிச் சொன்னேன், வேனைப் பற்றிச் சொன்னேன், அம்மா கழுவ விடாததைச் சொன்னேன். "உங்க கையில ஒண்ணுமில்ல அக்கா. நாங்கதான் கொண்டு வந்து வச்சோம்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். நான் பேத்தியைத் தூக்கி நீட்டினேன்.

"வாங்குங்க."

அவள் குழந்தையைப் பார்த்தாள். முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். வெள்ளி எல்லாம் என்றைக்கோ போய்விட்டது. தோல் உரிந்து, வெளுத்து, வெடித்திருந்தது.

"கழுவிட்டு வாரேன்" என்று எழுந்து போனாள்.

குழாய்ச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. காபி ஆறிவிட்டது. மருமகன் வெளியே காரில் ஹாரன் அடித்தார். "அம்மா, ரயிலுக்கு நேரமாச்சு, இன்னொரு நாள் வருவோம்" என்று மகள் வந்து குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். நான் கொல்லைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். குழாய்ச் சத்தத்தில் கேட்கவில்லை போல. கார் தெரு திரும்பும்போது பார்த்தேன், அவள் வாசலில் நின்றாள். இரண்டு கையும் தண்ணீர் சொட்டச் சொட்ட, குழந்தை வாங்குகிற மாதிரி முன்னால் நீண்டிருந்தன.

இன்னும் என்னால் மறுபடி போக முடியவில்லை, முழங்கால் விடவில்லை. உங்களில் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள். யாராவது பேரன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஒரு நடை போய் வாருங்கள். கழுவிட்டு வாரேன் என்று உள்ளே போவாள். ரொம்ப நேரம் ஆகும். காத்திருங்கள்.